ஆட்டத்தை வளர்த்த துணி

"ஏங்கண்ணு, துணியை ஒரே பக்கமாப் போட்டு அமுக்கறயா?" என்று முதலாளி மாரப்பன் கேட்டபோது நசீம் பானு வாயைத் திறக்கவில்லை. எப்போதுமே அவளிடமிருந்து பதில் வருவதற்குள் கேட்டவர் தெருமுனை தாண்டிவிடுவார்.

வீரபாண்டிச் சலவைப் பட்டறையில் ஈரப் பனியன் துணியைச் சுழற்றித் தண்ணீரை உதறும் டிரம்முக்குத் துணி அடுக்குபவள் அவள். ஒரு மாதமாக, வேகமெடுத்ததும் டிரம் கிடுகிடுவென்று ஆடியது. இன்னொரு முறை ஆடினால் ஆளை மாற்றிவிடுவதாக மாரப்பன் சொல்லிவிட்டார். எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு வேலை யார் தருவார்கள்?

அவள் சுற்றிலும் சமமாகத்தான் அடுக்கினாள். ஆட்டம் தொடங்கிய நாளும் நினைவிருந்தது. டிரம்மின் சத்தத்தை அடக்க, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் கிட்டுசாமி டிரம்முக்கும் அதைச் சுழற்றும் நடுத்தண்டுக்கும் இடையே பனியன் வேஸ்ட்டை, வெட்டிக் கழித்த துணித்துண்டுகளை, திணித்த நாள் அது. சத்தம் அடங்கியது, ஆட்டம் பிறந்தது.

பனியன் பெட்டியில் விரிக்க வாங்கிய பழைய செய்தித்தாள்களில் படித்த ஒன்றை அவள் ரகசிய நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வேகமாகச் சுழலும் நட்சத்திரம் நெளிந்தால் ஈர்ப்பு அலைகள் கிளம்பி ஆற்றலை எடுத்துப் போகும். போனால் நெளிவு அடங்க வேண்டும். சில நெளிவுகள் அடங்காதாம். சுழற்சியிடமே வாங்கித் தின்று இன்னும் பெருகுமாம். போன வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில்தான், கணக்குப் போட்டுக் கண்டார்களாம்.

நட்சத்திரம் வேறு, டிரம் வேறு. ஆனாலும் அடக்க வேண்டியதே ஆட்டத்தை வளர்ப்பது இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தது. மறுநாள் காலையில் அவள் வாய் திறந்தது.

"ஏனுங்க, அந்த வேஸ்ட்டை எடுத்துட்டு ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்களா?"

கிட்டுசாமி கெக்கலித்தார். "ஊமைக்கோட்டான் பேசிப்போட்டுதுங்க மொதலாளி! மெத்துனு துணி வெச்சா ஆட்டம் சாஸ்தியாகுமா? எந்த ஊர்ல?"

"மேல... வானத்துல ஆகுதுங்கண்ணா."

பட்டறையே சிரித்தது. மாரப்பன் மட்டும், "எடுத்துத்தான் பாரேன் கிட்டு. ஆடுச்சுன்னா நாளைக்கு வேற ஆளு," என்றார்.

கம்பியால் வேஸ்ட்டை இழுத்துப் போட்டார் கிட்டுசாமி. நசீம் பானு துணியை அடுக்கினாள். டிரம் பழையபடி தடதடத்தது. வேகம் ஏறியது, இன்னும் ஏறியது. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். ஆட்டம் வரவில்லை. மாரப்பன் கையிலிருந்த டீக் கிளாஸை இயந்திரத்தின் விளிம்பில் வைத்தார். கிளாஸ் கிணுகிணுத்தது; டீ சிந்தவில்லை.

"சத்தங் கெடந்தாக் கெடக்குது. நாளைக்கு நேரத்துல வந்துரு கண்ணு."

அவள் தலையசைத்தாள்.

கிட்டுசாமி குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். வாசலில் நின்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.