ஆள் இல்லாத படம்

"இந்த மூலையில ஒரு கால் தெரியுது பாருங்க. துடைச்சிடுங்க."

தலைமை ஆலோசகர் கணினித் திரையைப் பேனாவால் தட்டினார். படம் திருத்துபவன் ஒரு சொடுக்குப் போட்டான். கால் காணாமல் போனது.

தெரு, காலி மனை, வாய்க்கால் கரை என்று தினமும் கண்ணில் படும் சாதாரண இடங்களை ஆராய்ந்து மதிப்பெண் போட்டு நகராட்சிக்கு அறிக்கை கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. மதிப்பெண் குறைந்தால் அங்கே கட்டடம் எழும்பும். படத்தில் ஆள் வந்தால் இடம் மறைந்துவிடும் என்பது ஆலோசகரின் சித்தாந்தம். அதனால் விடுமுறை நாள் விடியற்காலையில்தான் படம் எடுப்பார்கள். அதையும் மீறி யாராவது சிக்கினால் இப்படித் துடைத்துவிடுவார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'துடைப்பம்' என்றுதான் அழைத்தார்கள்.

மதிப்பெண் போடுகிறவள் அவருடைய உதவியாளர். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'மார்க் மேடம்'. திரையில் இப்போது தெரிந்த, நெடுஞ்சாலை ஓரத் தகர வேலிக்குப் பின்னால் நாலைந்து மரங்களோடு கிடந்த மண் தரைக்குப் பத்துக்கு இரண்டு போட்டிருந்தாள். 'அழகு இல்லை. பயன்பாடு இல்லை.' நாளைக் காலை நகராட்சிக் கூட்டம். ஒப்புதல் கிடைத்தால் அங்கே அடுக்குமாடி வாகன நிறுத்தம்.

கடைசியாக ஒருமுறை படத்தைப் பெரிதாக்கினாள். தரைக்கு அப்பால் வரிசையாகக் குடியிருப்புகளின் பின்பக்கம். ஒரு பால்கனியில் மஞ்சள் திரைச்சீலை, அதில் நீலப் பறவைகள்.

மார்க் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் திரையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அது அக்கா வீடு! முன்பக்கத் தெரு வழியாகவே போய்வந்து பழகியவளுக்கு அந்த வீட்டின் பின்பக்கம் இதுவரை அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

அன்று சாயங்காலமே போய் நின்றாள்.

"என்னடி அதிசயமா இருக்கு? வழி தவறி வந்துட்டியா?" என்றாள் அக்கா.

"அத்தான் எங்கக்கா?"

"ஆபீஸ் போயிருக்காரு."

"ஆபீஸா?" பக்கவாதம் வந்ததிலிருந்து அத்தான் வேலைக்கே போகவில்லையே!

அக்கா சிரித்துக்கொண்டே பால்கனிக் கதவைத் திறந்தாள். "அதோ பாரு, அவரோட ஆபீஸ்."

மண் தரை ஆட்களால் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பணி முடிந்த நர்சுகள் அரட்டை அடித்தபடி குறுக்கே நடந்தார்கள். யாரோ மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்தான், இடது காலை இழுத்து இழுத்து, ஒரு மரத்தைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, அடுத்த மரத்தை நோக்கிக் கிளம்பினார். ஓரடி பின்னால் பக்கத்து வீட்டுத் தையல்காரர், செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டே போனார்.

"இன்னைக்கு அந்தச் சுவர் வரைக்கும் போயிடணும் அண்ணே!" என்றார் தையல்காரர்.

"உனக்கென்னப்பா, வாயால நடக்கிற. காலை மாத்திக்கலாம், வர்றியா?"

சிரிப்பு மேலே வரை கேட்டது.

"ரோட்டுல ஒருநாள் கூட்டிட்டுப் போனேன்," என்றாள் அக்கா. "ஒருத்தன் பின்னாடி வந்து ஹாரன் அடிச்சான் பாரு, பயந்து விழுந்துட்டாரு. அப்புறம் ரொம்ப நாள் கட்டிலை விட்டே இறங்கல. இந்த மண்ணுதான் அவரை எழுப்பி விட்டுச்சு."

மார்க் மேடம் அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா... இந்த இடத்துக்கு மார்க் போட்டது நான்தான். ரெண்டு மார்க். நாளைக்கு இதைக் கட்டடத்துக்குக் கொடுத்துடுவாங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ரெண்டு எதுக்கு? அதையும் நீயே வெச்சுக்க வேண்டியதுதானே?"

மார்க் மேடம் செல்போனை எடுத்துக்கொண்டாள். கீழே இறங்கிப் போய்ப் படம் எடுத்தாள். இந்த முறை யாரையும் விலகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கூட்ட அறை வாசலில் அந்தப் படத்தைப் பார்த்து ஆலோசகர் கொதித்தார்.

"என்னம்மா இது, கல்யாண ஆல்பமா? இதுல இடம் எங்க தெரியுது?"

"இப்பதான் சார் தெரியுது."

"இப்ப மார்க்கை மாத்தினா நாம கொடுத்த எல்லா அறிக்கையையும் சந்தேகப்படுவாங்க. உன் வேலை போயிடும், ஞாபகம் வெச்சுக்கோ."

"தெரியும் சார்."

உள்ளே போனதும் இரண்டு படங்களையும் அருகருகே திரையில் போட்டாள். நகராட்சி ஆணையர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார்.

"இதுல எது உண்மையான இடம்?"

"ரெண்டும் ஒரே இடம்தான் மேடம். முதல் படம், யாரும் வராத நேரமா பார்த்து எடுத்தது. அதுலயும் ஒருத்தர் இருந்தார், துடைச்சிட்டோம். மார்க் போட்டது நான். அது தப்பு."

ஆணையர் ஆலோசகர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஆலோசகரின் கண்கள் இரண்டாவது படத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. "கையில போன் இருக்கு, ஆனா இந்த ஆளு போனைப் பார்க்கல. எதுக்கு இவ்வளவு நெருக்கமா பின்னாடி போறாரு?" என்று அவளிடம் மெல்லக் கேட்டார்.

"முன்னாடி நடக்கிறவர் பக்கவாதம் வந்த என் அத்தான் சார். அவர் விழுந்தா தாங்கிப் பிடிக்க. தாங்குறதுக்குத்தான் பின்னாடி வர்றாருன்னு தெரிஞ்சா அத்தானுக்குக் கோபம் வரும், அதான் போனைப் பார்க்கிற மாதிரி போறாரு."

ஆலோசகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். எழுந்தார். அவள் வேலை போச்சு என்றே நினைத்தாள்.

"மேடம், இந்த மதிப்பெண்ணை நாங்க திரும்ப வாங்கிக்கிறோம். இதுக்கு மட்டுமில்ல, பட்டியல்ல இருக்கிற மத்த இடங்களுக்கும்தான். மறுபடியும் போய்ப் பார்த்துட்டு வர்றோம்."

ஆணையர் முடிவைத் தள்ளிவைத்தார். "வாகனத்தை எங்க வேணும்னாலும் நிறுத்தலாம். வேற இடம் பாருங்க," என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் ஒரு மாலை, மொத்த அலுவலகமும் அந்த மண் தரையில் நின்றது. அத்தான் சுவரைத் தொட்டபோது நர்சுகள் கைதட்டினார்கள். ஆலோசகரும் கைதட்டினார். பிறகு தன் ஆட்களிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு இடம் பார்க்க எப்படி இருக்குன்னு நான் இத்தனை வருஷமா கேட்டேன். அது யாருக்கு என்னவா இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. அங்க புழங்குற மனுஷங்களைப் பார்க்காம, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாம, எந்த மண்ணையும் வீணுன்னு எழுத நமக்கு உரிமை கிடையாது."