கைக்கு மேலே ஒரு முகம்

சிட்டுவுக்கு எது வேண்டுமானாலும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். அலமாரி முன்னால் நிறுத்தி, அந்தக் கையைத் தூக்கிக் கதவின் பிடியில் வைப்பாள். கதவு திறந்ததும், வேலை முடிந்த திருப்புளியைக் கீழே போடுகிற மாதிரி கையை விட்டுவிட்டுப் போய்விடுவாள். மூன்று வயது முடியப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. அதைக்கூட அவன் எப்படியோ தாங்கிக்கொண்டான். மகள் ஒருமுறையாவது நிமிர்ந்து, தன் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டாளா என்பதுதான் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அவன் இருசக்கர வண்டிகள் பழுதுபார்க்கிற மெக்கானிக். மனைவிக்குக் காலையிலேயே வேலை. அதனால் பேச்சுப் பயிற்சிக்குச் சிட்டுவை அழைத்துப் போவது அவன் பொறுப்பு. பயிற்சி கொடுக்கிற பெண்ணை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அறையில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பான்.

முதல் நாள் டீச்சர் சோப்புக் குமிழி ஊதும் குப்பியை ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, மூடியை இறுகத் திருகி, சிட்டுவின் முன்னால் வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தாள். சிட்டு திருகினாள், தட்டினாள், கடித்தும் பார்த்தாள். டீச்சர் அசையவில்லை. அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மெல்லக் கையை நீட்டினான்.

"அப்பா, கை!"

"லேசா லூஸ் பண்ணி விடறேன் டீச்சர். மிச்சத்தை அவளே திறந்துக்கட்டும்."

"அவ திறக்கணும்னா நான் ஏன் இவ்வளவு இறுக்கி மூடறேன்? அவ நம்மகிட்ட கேக்கணும். அவ கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க எல்லாத்தையும் கொடுத்துடறீங்க. அப்புறம் பாவம், அவ எதைத்தான் கேப்பா? கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உட்காருங்க."

வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையனைப் போல அவன் கைகளின்மேல் உட்கார்ந்தான்.

வீட்டிலும் செய்யச் சொல்லி டப்பாவைக் கொடுத்து அனுப்பினாள் டீச்சர். "உங்க கையை எடுத்து மூடி மேல வைப்பா. உடனே திறக்காதீங்க. உங்க முகத்தை அவ முகத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் கொஞ்சம் காத்திருங்க. உங்களைப் பாத்தா 'திற'ன்னு நீங்களே சொல்லிட்டுத் திறந்து கொடுங்க. ரொம்பத் தவிச்சான்னா விட்டுடுங்க, இது தண்டனை இல்ல."

சில வாரங்கள் கழித்து அதே டப்பாவைச் சிட்டு டீச்சர் முன்னால் எடுத்தாள். ஒரே திருகு. மூடி கழன்று வந்தது. குப்பியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"பாத்தீங்களா டீச்சர்!" என்றான், வாயெல்லாம் பல்லாக.

டீச்சர் மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள். "எண்ணெய் போட்டீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "இறுக்கமா இருந்துச்சு… கை சும்மா இருக்கல."

டீச்சர் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "இத்தனை வருஷத்துல டப்பாவை ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்த அப்பா நீங்க ஒருத்தர்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ அழுதது தாங்கலையா?" என்றாள்.

"அழலை டீச்சர். என் கையைப் பிடிச்சா. நான் திறக்காம இருந்தா இந்தக் கையையும் விட்டுடுவாளோன்னு பயமாயிடுச்சு. எனக்குன்னு அவகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதானே."

டீச்சர் டப்பாவை மூடி அவனிடம் கொடுத்தாள். "சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். ஆனா கையைப் பிடிக்கிறாளே, அதுவே பாதி கேட்ட மாதிரிதான். மீதிப் பாதிக்கு அவளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க."

அன்றைக்கே டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவினான். இருந்தாலும் தன்னால் காத்திருக்க முடியுமா என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை.

விடுமுறை நாளில் வாசலில் உட்கார்ந்து தன் வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மணிக்கட்டு வரை கிரீஸ். சிட்டு டப்பாவோடு வந்தாள். வழக்கம்போலக் கையைப் பிடித்தாள். வழுக்கியது. பிசுபிசுப்பு என்றாலே அவளுக்கு ஆகாது. விரல்களை விரித்துப் பார்த்துவிட்டுக் கவுனில் துடைத்தாள். இன்னொரு கையைப் பார்த்தாள், அதுவும் கறுப்பு. பிடிப்பதற்குச் சுத்தமான இடம் தேடி அவள் கண் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறியது, அங்கிருந்து தோளுக்கு. இந்தக் கை ஓர் ஆளோடு ஒட்டியிருக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தவளைப் போல, கடைசியில் அவன் முகத்துக்கு வந்து நின்றாள். டப்பாவை அவன் மார்புக்கு நேராக நீட்டினாள்.

அவன் அவள்மேலிருந்து கண்ணை எடுக்காமலே மனைவியைக் கூப்பிட்டான்.

"ஏய், இங்க ஓடி வா! பாக்குறா!"

"யாரு பாக்குறா?" மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"சிட்டு! என்னைப் பாக்குறா! சீக்கிரம் திறந்து கொடு, என் கையெல்லாம் கிரீஸ்."

"நான் ஏன் திறக்கணும்? என்னையா கேட்டா? உங்களைத்தானே கேக்குறா. காக்க வைக்காதீங்க."

அவன் இரண்டு கைகளையும் சட்டையிலேயே துடைத்தான். "திற," என்று சொன்னான்.  பிறகு மூடியைத் திருகினான்.

"போன வாரம் வாங்கின சட்டைங்க அது," என்றாள் மனைவி. திட்டத்தான் ஆரம்பித்தாள், குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

சிட்டு குப்பியை எடுத்தாள். அன்றைக்கு ஜன்னல் பக்கம் போன மாதிரி விலகிப் போகவில்லை. குப்பிக்கும் ஒரு மூடி இருந்தது. அதை ஒரு தடவை திருகிப் பார்த்தாள், பிறகு அவனிடம் நீட்டிவிட்டு நிமிர்ந்தாள். அவன் தன் முகத்தைக் கீழே கொண்டுவந்து, அவள் பார்த்து முடிக்கும்வரை அப்படியே இருந்தான்.