மூக்குக்கண்ணாடியின் ஓயாத உழைப்பு

அந்தக் குடிநீர் அலுவலகத்திலேயே மிகக் கடுமையாக உழைப்பவர், மூன்று வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போனவர். இதைக் கண்டுபிடித்தவளுக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் தாழ்ப்பாள். கணினியில் யார் எதைத் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்று பார்த்துக்கொள்வது அவள் வேலை. இன்றோடு தகுதிகாண் காலம் முடிகிறது. மாலைக்குள் மேலாளர் ஒப்புதல் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உள்நுழைவுப் பட்டியலைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி என்று எல்லோரும் அழைத்த அந்தப் பழைய பதிவறை அதிகாரி, காலையில் ஒரே நேரத்தில் ஏழு கணினிகளில் நுழைந்திருந்தார்.

"யாருக்கா இது?" என்று பதிவறை அக்காவிடம் கேட்டாள்.

"நாங்கதாம்மா. அவரு கணக்குல போனா எல்லாம் திறக்கும். எங்களோடதுல போனா 'அனுமதி இல்லை'னு மூஞ்சில அடிக்குது. கடவுச்சொல்லும் சுலபம், எங்க வீட்டுக்காரருக்கே தெரியும்."

தாழ்ப்பாள் அந்தக் கணக்கின் உரிமைப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஊரின் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடும் உரிமையும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் மனது வைத்தால்தான் ஊர் இனி குளிக்க முடியும்.

நேரே மேலாளரிடம் போய், அந்தக் கணக்கை மூட வேண்டும் என்றாள்.

"நாளைக்கு மூடிக்கோம்மா," என்றார் அவர். "நானும் அதுலதான் வேலை பாக்கறேன். உன் ஒப்புதலையே அதுலதான் போடணும்."

காவலுக்கு வந்தவளைக் கள்ளச்சாவி போட்டு வேலைக்குச் சேர்க்கிறார்களாம். நல்ல மரியாதை! இருக்கைக்குத் திரும்பியவள் ஒரு பெருமூச்சு விட்டு, கணக்கை மூடினாள்.

ஒரே நிமிடத்தில் அலுவலகம் அலறியது. மேலாளர் ஓடி வந்தார்.

"உன் ஒப்புதல் பாதியில நிக்குது, தெரியுமா?"

"உங்க சொந்தக் கணக்குல போடுங்க சார்."

"அதோட கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"புதுசு தர்றேன். அடையாள அட்டையக் காட்டுங்க."

"என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். மூக்குக்கண்ணாடியக்கூட இங்க எல்லாருக்கும் தெரியும்."

அவர் சட்டைப்பையைத் தடவினார். "வீட்டுல இருக்கும்."

"எடுத்துட்டு வாங்க. ஆறு மணி வரைக்கும் இந்த ஆபீஸ்லதான் இருப்பேன்."

ஐந்தே முக்காலுக்கு மேலாளர் அட்டையோடு வியர்த்து வழிய வந்து, புதுக் கடவுச்சொல் வாங்கப் பதிவறை அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். தாழ்ப்பாளை வீட்டுக்கு அனுப்பினால் இத்தனை பேருக்கும் கதவு திறக்க யார் வருவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புதல் போட்டார். தன் சொந்தக் கணக்கில் மூன்று வருடமாக அவர் செய்த ஒரே வேலை அதுதான்.