சங்கமத்தில் சொன்ன பதில்

பெங்களூர் மெஜஸ்டிக்கில் டூர் பஸ் ஏறும்போதே அர்ஜுனன் சொல்லிவிட்டான்.

"உள்ள போனதும் கன்னடத்துலயே பேசு வனஜா. யார் எப்படின்னு தெரியாது."

காவிரித் தண்ணீர்க் கலவரம் முடிந்து ஐந்து மாதமாகியும் அடுகோடியில் அவன் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் வாயைத் திறந்தால் கன்னடம்தான். வனஜா தலையாட்டினாள். பெற்ற குழந்தை மூன்றாம் நாள் இறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய எட்டு மாதமாக அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்றுக்கு மட்டும் பதில் வரவில்லை. அர்ஜுனனின் அண்ணன் வெங்கடசாமிக்கு மூன்றாவதும் பெண். பதினோரு மாதக் குழந்தை ரூபினியை இவர்களே வளர்க்கட்டும் என்று ஒக்கலிபுரத்தில் அண்ணன் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தூக்கிவர நாளும் பார்த்தாயிற்று. சம்மதமா என்று கேட்டால் வனஜா "பாக்கலாம்" என்பாள். இன்று நாலு மணிக்குள் போனில் முடிவு சொல்வதாக அர்ஜுனன் அண்ணனிடம் ஒப்புக்கொண்டிருந்தான். ஸ்ரீரங்கப்பட்டணம் போனால், ஆற்றைப் பார்த்தால், அவள் மனசு இளகும் என்று நம்பினான்.

கோட்டை, சிறைக்கூடம், சுவர்ச் சித்திரமெங்கும் குதிரைகள் சண்டை போடும் மாளிகை. கைடு கைகாட்டிய பக்கமெல்லாம் வனஜா பார்த்தாள். படுத்திருந்த பெருமாள் முன்னால் கைகூப்பியபோது கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

சங்கமத்தில் அரைமணி நேரம் விட்டார்கள். ஆற்றின் இரண்டு கிளைகளும் சேருமிடத்தில் முழங்காலளவு தண்ணீர். படியில் உட்கார்ந்தார்கள். பின்னால் கூட பஸ்ஸில் வந்தவர்கள் புளிசாதப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மணி மூன்றரை. அண்ணனுக்கு என்ன சொல்ல?" என்று கன்னடத்தில் கேட்டான் அர்ஜுனன்.

"பேடா" என்றாள் வனஜா. வேண்டாம்.

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஓவர்டைம் வேண்டாமென்று சூப்பர்வைசரிடம் சொல்கிற அதே சொல், அதே குரல். அந்தப் பாஷையில் அவள் யாரையும் கொஞ்சியதில்லை, அழுததுமில்லை. அதிலேயே மேலும் சொன்னாள்: "போன வாரம் ரூபினியை மடியில் வைத்திருந்தேன். அழுதது. எனக்குள் ஒன்றுமே ஆகவில்லை. அதன் அம்மாவிடமே இருக்கட்டும்."

அர்ஜுனனுக்குக் கன்னடம் மறந்துபோயிற்று.

"என்னடி சொல்ற? அண்ணி மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

புளிசாதக் கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் திரும்பினாள்.

"அட, தமிழா நீங்க? முதல்லயே சொல்லக்கூடாதா? நாங்க லிங்கராஜபுரம். காலைலேர்ந்து நாங்களும் நாக்கு சுளுக்கிக் கன்னடம் பேசிட்டிருக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னதையே தமிழில் திரும்பச் சொல்லச் சொன்னால் தன்னால் முடியாது என்று வனஜாவுக்குத் தெரிந்தது. அர்ஜுனன் அப்படிக் கேட்கவில்லை. எழுந்து, பஸ் நின்ற இடத்திலிருந்த போன் பூத்துக்கு நடந்தான். அவளும் பின்னால் போனாள். கதவு சரியாக மூடவில்லை.

"அண்ணா, நான்தான். வெள்ளிக்கிழமை பாப்பாவைத் தூக்கிட்டு வர வேணாம்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டான். "இல்லண்ணா, வனஜா சரின்னுதான் சொன்னா. எனக்குத்தான் மனசு ஒப்பல."

அதைக் கேட்டுத் தனக்குள் ஏதாவது ஆகிறதா என்று வனஜா நின்று பார்த்தாள். பிறகு பஸ்ஸில் ஏறி, காலையில் தான் உட்கார்ந்து வந்த ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டு உட்கார்ந்தாள்.