குளிர்ந்த காற்று என்று ஒரு பொய்

இன்ஜினைப் பிரித்து மேஜைமேல் வைத்தாயிற்று. மூன்றாவது பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, சூட்டில் உருகியிருந்தது. எதனால் என்று பிடிபடாமல் மெக்கானிக் ஒயர் ஒயராகத் தடவிக்கொண்டு வந்தார். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் ஒயரில் ஒரு முண்டு தட்டுப்பட்டது. கறுப்பு டேப். பின்னால் பிரிக்க வசதியாக முனையை மடித்து ஒட்டியிருந்தது. அவருக்குத் தெரிந்து அப்படி டேப் சுற்றுகிற ஆள் ஒருத்தர்தான். அது அவரேதான்.

பிரித்தார். உள்ளே பட்டாணி அளவில் ஒரு ரெசிஸ்டர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், இந்தக் கார் அவருடையதாக இருந்தபோது செய்த வேலை. அது இருந்தால், கொளுத்துகிற வெயிலிலும் காற்று ஜில்லென்று இருப்பதாக இன்ஜின் கம்ப்யூட்டர் நம்பிவிடும். நம்பி, பெட்ரோலைத் தாராளமாக விட்டு, தீப்பொறியையும் முன்கூட்டியே தட்டிவிடும். வண்டி துள்ளும். "கம்ப்யூட்டர் காதுலயே பூ சுத்திட்டேன்ல" என்று அன்று கூட்டாளிகளிடம் மார்தட்டினார். வெயிலில் மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் கொடுத்தால் உடனே தளர்த்தத் தெரிந்த கால் அவருடையது. தங்கை கணவருக்கு விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்ததும் வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஸ்டெப்னி முதல் துடைக்கிற துணிவரை எடுத்துக் காட்டியவர், இதை மட்டும் அடியோடு மறந்துபோனார்.

மறந்ததையாவது மன்னிக்கலாம். மாப்பிள்ளை வந்து சொன்னாரே, இரண்டு தடவை.

"மேடு ஏறும்போது டப்பாவுக்குள்ள கோலிகுண்டு உருள்ற மாதிரி சத்தம் வருது மச்சான்."

"வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள. கியர் மாத்தாம மிதிச்சா அப்படித்தான். உங்க கால்தான் கனம்."

இது முதல் தடவை. இரண்டாம் தடவை, ஒர்க்ஷாப்பில் நின்றவர்கள் எல்லாம் சிரிக்கும்படி, "காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார். அதற்கப்புறம் மாப்பிள்ளை சொல்லவில்லை.

போன வாரம் மலைப்பாதையில், உச்சி வெயிலில், மனைவியும் குழந்தையும் உள்ளே இருக்கும்போது வண்டி நின்றுபோனது. "எங்க அண்ணன் கண்ணு மாதிரி வச்சிருந்த வண்டி!" என்று தங்கை, போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்கும்படி கணவரைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். மறுநாளே மாப்பிள்ளை மேனேஜரிடம் போய், "எனக்கு வண்டி ஓட்ட வராது சார், குடோன்ல போடுங்க" என்று தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டார். இப்போது அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார்.

ரெசிஸ்டரைக் குப்பையில் போட்டால் தீர்ந்தது, ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. மெக்கானிக் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து குழந்தையின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பு உங்க மேல இல்ல மாப்ள. எல்லாம் நான் பண்ணின வேலை." ரெசிஸ்டரைக் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் தேவலை என்றிருந்தது மெக்கானிக்குக்கு.

"அப்ப எனக்குக் கேட்டது நிஜமா மச்சான்?"

"நிஜம்தான்."

"நமக்குத்தான் கோளாறுன்னு நெனச்சேன். அப்புறம் மேடு வந்தாலே ரேடியோவ சத்தமா வச்சுக்குவேன்."

"நாளைக்கே உங்க மேனேஜர்கிட்ட வந்து சொல்றேன்."

"வேற ஆள் போட்டாச்சு மச்சான்."

வாசலில் மெக்கானிக்கின் இப்போதைய கார் நின்றது. வேறென்ன செய்வதென்று தெரியாமல், மெக்கானிக் வாசல்படிக்கு வந்து அதன் சாவியை எடுத்து நீட்டினார். "வாங்க மாப்ள. சும்மா ஒரு ரவுண்டு. நீங்க ஓட்டுங்க."

மாப்பிள்ளை மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாவியைத் தாண்டி வெளியே போனார். காரின் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீட்டிய கையோடு மெக்கானிக் படியிலேயே நின்றார். ஓட்டுகிறவர் இருக்கை காலியாக இருந்தது.