ரஃபி அகமதுவின் கீழுதடு

மூன்றாவது முறையாக அந்தச் சின்ன ஃபிலிம் வாய்க்குள் போனபோது ரஃபி அகமதுவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைவாய்ப் பல் பத்து நாளாய் மனுஷனைத் தூங்கவிடவில்லை. ஆம்பூரிலிருந்து ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தால், உடனே பிடுங்க மாட்டார்களாம். முதலில் பல்லைப் படம் எடுக்க வேண்டுமாம். இதென்ன கல்யாணமா, படம் எடுக்க?

"விரலால அழுத்திப் புடிங்க பாய், ஆடாதீங்க" என்றார் எக்ஸ்ரே எடுக்கும் ஜெயகரன்.

"குமட்டுதுப்பா. நான் இன்னா பண்றது?"

முதல் படத்தில் பல்லின் தலை மட்டும் விழுந்திருந்தது. இரண்டாவது கலங்கிப்போயிருந்தது. வேரைப் பார்க்காமல் குறடு வைக்க மாட்டேன் என்று டாக்டர் ஒற்றைக்காலில் நின்றார்.

மூன்றாவது படம் நன்றாக விழுந்தது. கழுவிக் காயப்போட்டு, ஜெயகரன் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வேர் நேரா இல்ல பாய். கொக்கி மாதிரி வளைஞ்சு, நரம்பு போற வழியில உக்காந்திருக்கு. இழுத்தா நரம்பு அறுந்தாலும் அறுந்துடும்."

"அறுந்தா?"

"கீழுதட்டுல இடது பக்கம் மரத்துப்போய்டும். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. சாப்பிடலாம், பேசலாம். பெரிய விஷயமில்ல."

பெரிய விஷயமில்லையாம். ரஃபி அகமதுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் பதனிடும் மண்டியில் முப்பது வருஷம் சுண்ணாம்பிலும் மரப்பட்டைத் தண்ணீரிலும் ஊறிய விரல்களுக்கு ஈரமும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது. கொடியில் காயும் தோலை எப்போது இறக்கலாம் என்று பார்க்க, அதன் ஓரத்தைக் கீழுதட்டில் ஒற்றிப் பார்ப்பார். அந்த உதட்டுக்குத்தான் மண்டியில் சம்பளம். அதிலும் வலது பாதி என்றோ சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்துத் தழும்பேறிப்போனது. மிச்சம் இருப்பது இடது பாதி.

"அப்டி இன்னாதான் இருக்குது அதுல? குடுங்க" என்று கை நீட்டினார்.

வளைந்த வேர் அவருக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே நரம்பு போகும் வழி கறுப்பாக ஓடியது. வலி மண்டைவரை ஏறியது. பிடுங்கித் தொலையுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கை பழக்கத்தில் ஃபிலிமின் ஓரத்தை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

"இது இன்னும் காயல."

"காஞ்சிடுச்சு பாய். நான் தொட்டுப் பாத்துதான் கொண்டாந்தேன்" என்றார் ஜெயகரன்.

டாக்டர் வாங்கி, நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். எடுத்தபோது வேர் இருந்த இடத்தில் விரல் ரேகை பதிந்திருந்தது. மூன்று தடவை குமட்டி வாங்கிய படம் பாழ்.

டாக்டர் அந்த உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எடுத்து வைத்திருந்த குறடைத் தட்டில் திரும்பப் போட்டார்.

ரஃபி அகமது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பல்லு இருந்துட்டுப் போவட்டும். கிராம்புத் தைலம் குடுங்க டாக்டர். பெரிய சீசாவா குடுங்க."