ஈரம் துடைத்துவிட்டுச் சொன்னது

"நின்னுக்கிட்டுச் சொன்னீங்களா, உட்கார்ந்துக்கிட்டுச் சொன்னீங்களா?" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டதும் குக்கர் தலையைக் குனிந்துகொண்டான். பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற அவனுக்கு, சட்டென்று பொங்கும் கோபத்துக்காக அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு முறை கோபத்தில் மனைவிக்குத் தலாக் சொல்லி, இரண்டு முறையும் காலில் விழாத குறையாக அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவன். மூன்றாவது முறை சொன்னால் அதோடு தீர்ந்தது. நேற்று மத்தியானம் அதையும் சொல்லிவிட்டான்.

இரண்டாம் முறை நடந்தபோது இதே அறையில்தான் ஹஜ்ரத் அவனுக்கு நபிவழியைச் சொல்லிக்கொடுத்தார். கோபம் வந்தால் நிற்பவன் உட்கார வேண்டும், அடங்காவிட்டால் படுக்க வேண்டும், தொழுகைக்குப் போல கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது. இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தான். வாடிக்கையாளர் யாராவது கத்தினால் கம்ப்ரசர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். வந்தவர் இவனுக்கு மயக்கம் என்று நினைத்து சோடா வாங்க ஓடுவார். நேற்றும் உட்கார்ந்தான், ஒளு செய்தான். வெளியூரில் இருப்பதாக அவன் டபாய்த்து வைத்திருந்த ஆளிடம் போனில் அவள், "வீட்லதான் இருக்காரு, குடுக்கவா?" என்றுவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். இதற்கா என்றால், இதற்குத்தான்.

"கண்ணு மண்ணு தெரியாத கோபமா? என்ன பேசுறோம்னே நெனவில்லையா? யோசிச்சுச் சொல்லுங்க." ஹஜ்ரத்தே கெஞ்சுவது போலிருந்தது. புத்தி தடுமாறிச் சொன்னது தலாக் ஆகாது. அந்த ஒரு சந்து மட்டும்தான் மிச்சம்.

அவன் தொண்டையைச் செருமினான். "நெனவே இல்ல, ஹஜ்ரத்."

"நீங்க சொல்லுங்கம்மா."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. "உட்கார்ந்தாரு. ஒளு செஞ்சாரு. துண்டெடுத்து விரல் விரலாத் தொடச்சாரு. அப்புறம் வந்து, எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாரு." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கத்திச் சொல்லிருந்தா நானே மறந்திருப்பேன், ஹஜ்ரத். முன்ன ரெண்டு தடவையும் மறந்தேனே," என்றாள்.

அவள் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய்யில்லை. முகத்தில் தண்ணீர் பட்டதும் அவனுக்குத் தலை நன்றாகவே தெளிந்தது. தெளிந்த தலையோடுதான், எதைச் சொன்னால் இவளுக்கு வலிக்கும் என்று தேடினான். அதை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஹஜ்ரத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வெளியே வந்து பைக்கை உதைத்தான். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, பின்னால் அவள் ஏறி உட்காரும் கனத்துக்காக வழக்கம்போல் காத்திருந்தான். அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் பாதித் தெரு நடந்துவிட்டிருந்தாள்.